மூன்று கோடு போட்ட முகவரி உங்கள் கணினியைத் தாண்டாது!
கோப்பு இருக்கும் இடம் வேறு, இணைய முகவரி வேறு: தெரிந்துகொண்டால் அலைச்சலும் மிச்சம், ஏமாற்றமும் இல்லை

மணமேல்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் நீங்கள் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பையனுக்குக் கல்லூரி சேர்க்கை. விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி நாள். சாதிச் சான்றிதழ் மட்டும் பாக்கி. அது சென்னையில் வேலை பார்க்கும் மகளின் கணினியில் இருக்கிறது. போன் போட்டுச் சொல்கிறீர்கள். ரெண்டே நிமிஷத்தில் வாட்ஸ்அப்பில் பதில் வருகிறது: "அம்மா, லிங்க் அனுப்பிட்டேன். ஓப்பன் பண்ணிப் பாரு."

தொட்டுப் பார்க்கிறீர்கள். திறக்கவில்லை. மற்ற லிங்க் மாதிரி நீல நிறத்தில்கூட இல்லை. கடைக்காரத் தம்பி அதை அப்படியே தன் கணினியில் போட்டுப் பார்க்கிறார். "கோப்பு கிடைக்கவில்லை" என்று வருகிறது. "நெட் ஸ்லோவா இருக்கும்மா" என்கிறார். அங்கே மகளோ, "எனக்கு நல்லாத் திறக்குதே!" என்கிறார். மணி நாலு ஆகிவிட்டது.

இதில் நெட்டுக்கும் பங்கில்லை, போனிலும் கோளாறில்லை. மகள் பொய்யும் சொல்லவில்லை. அவர் அனுப்பியது இணைய முகவரியே அல்ல. அது அவருடைய கணினிக்குள் அந்தச் சான்றிதழ் இருக்கும் இடத்தின் பெயர். "பீரோவில் ரெண்டாவது தட்டு" என்று எழுதி அனுப்புவது போல. அந்த பீரோ சென்னையில் அல்லவா இருக்கிறது!

இந்த ஒரு வேறுபாடு புரிந்துவிட்டால் சான்றிதழ் அனுப்புவதும் எளிது, போலி இணையதளத்தைக் கண்டுபிடிப்பதும் எளிது. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு சின்னக் குறிப்பு: இந்தக் கட்டுரையில் முகவரிகளை ஒலிக்கும்படி தமிழிலேயே எழுதியிருக்கிறோம். போனில் டைப் செய்யும்போது ஆங்கில எழுத்துகளைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அந்த மூன்று கோடுகள் சொல்லும் செய்தி

மகள் அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும்:

ஃபைல்:///சி:/யூசர்ஸ்/வீடு/டவுன்லோட்ஸ்/சாதிச்சான்று.பிடிஎஃப்

சான்றிதழை அவர் பிரௌசரில் திறந்து பார்த்திருக்கிறார். மேலே முகவரிப் பட்டையில் இருந்ததை நகலெடுத்து அனுப்பிவிட்டார். பார்ப்பதற்கு லிங்க் மாதிரியேதான் இருக்கும். ஆனால் தொடக்கத்தைக் கவனியுங்கள். "எச்டிடிபிஎஸ்" என்று இல்லை. "ஃபைல்" என்று இருக்கிறது. அடுத்து இரண்டு சாய்வுக்கோடுகளுக்குப் பதில் மூன்று.

அந்த மூன்றாவது கோடு எங்கிருந்து வந்தது? இணைய முகவரியின் அமைப்பு இது: முதலில் எந்த வழியில் போவது என்ற சொல், பிறகு ஒரு முக்காற்புள்ளியும் இரண்டு கோடுகளும், பிறகு எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்ற பெயர், பிறகு ஒரு கோடு, அதற்கப்புறம் அந்தக் கணினிக்குள் போக வேண்டிய இடம். "ஃபைல்" முகவரியில் கணினியின் பெயர் வர வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. அதனால்தான் முன்னே இருந்த இரண்டு கோடுகளும் பின்னே வந்த ஒரு கோடும் ஒட்டிக்கொண்டு மூன்றாகத் தெரிகின்றன.

பெயர் இல்லையென்றால் "இதே கணினி" என்று பொருள். மகளின் கணினியில் திறந்தால் மகளின் கணினி. கடையில் திறந்தால் கடைக் கணினி. கடைக் கணினியில் அந்த ஃபோல்டரும் கிடையாது, அந்தக் கோப்பும் கிடையாது. எப்படித் திறக்கும்?

உலகளாவிய வலையை (வெப்) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ அந்த இரட்டைக் கோடுகளே உண்மையில் தேவைப்பட்டிருக்கவில்லை என்று 2009-இல் ஒப்புக்கொண்டார். இருந்தாலும் 1994 டிசம்பரில் வெளியான முகவரி விதிகளில் அவை எழுதப்பட்டுவிட்டன. உலகமே பழகியும் விட்டது. "ஃபைல்" வகை முகவரிக்கான விதியும் அதே ஆவணத்தில்தான் இருக்கிறது.

ஆகவே யாராவது "லிங்க்" அனுப்பினால் முதல் சொல்லைப் பாருங்கள்:

• "எச்டிடிபிஎஸ்" என்றால் அது இணைய முகவரி. எங்கிருந்தும் முயன்று பார்க்கலாம்.
• "ஃபைல்" என்றால் அது அனுப்பியவரின் கணினிக்குள் இருக்கும் இடம். உங்களுக்குத் திறக்காது.
• "சி:" என்று ஒற்றை எழுத்தும் முக்காற்புள்ளியுமாகத் தொடங்கினால் அது விண்டோஸ் கணினிக்குள் இருக்கும் இடம். இதுவும் திறக்காது.
• "கன்டென்ட்" என்று தொடங்கினால் அது ஆண்ட்ராய்டு போன் தனக்குள் வைத்துக்கொள்ளும் தற்காலிக முகவரி. இன்னொரு போனில் அதற்கு அர்த்தமே இல்லை.

கடைசி மூன்றில் எது வந்தாலும் பதறாதீங்க. "லிங்க் வேண்டாம், கோப்பையே அனுப்பு" என்று சொல்லுங்கள். அவ்வளவுதான்.

ஒரே மடிக்கணினி, இரண்டு முகவரி

விண்டோஸ் கணினியில் ஃபோல்டர்களைப் பிரித்துக் காட்டுவது \ என்ற பின்சாய்வுக்கோடு. உங்கள் ஆண்ட்ராய்டு போனிலும் இணைய முகவரியிலும் / என்ற முன்சாய்வுக்கோடு. ஏன் இந்த வேறுபாடு?

யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளம் முன்சாய்வைப் பயன்படுத்தியது. அந்த வழியில் வந்ததுதான் லினக்ஸ். அந்த லினக்ஸை அடிப்படையாகக் கொண்டதுதான் ஆண்ட்ராய்டு. விண்டோஸுக்கு முன்னோடியான எம்எஸ்-டாஸில் முன்சாய்வுக்கு ஏற்கெனவே வேறு வேலை கொடுத்திருந்தார்கள்; கட்டளையோடு சேர்க்கும் விருப்பங்களைக் குறிக்க அது பயன்பட்டது. 1983-இல் அதன் இரண்டாம் பதிப்பில் ஃபோல்டர்கள் வந்தபோது, மிச்சமிருந்த பின்சாய்வை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் இன்றுவரை தொடர்கிறது.

தமிழ்நாட்டில் பள்ளியில் படித்தவர்களுக்கு இதற்கு ஒரு நேரடி உதாரணம் நினைவிருக்கலாம். 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் நிறுவனம் வாங்கி வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. கணினியை ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸில் "டி:" என்ற டிரைவில் சேமித்த புராஜெக்ட், லினக்ஸில் போய்ப் பார்த்தால் அந்தப் பெயரில் இருக்காது. "மீடியா" போன்ற ஒரு ஃபோல்டருக்குள் வேறு பெயரில் இருக்கும். "ஐயோ, புராஜெக்ட் போச்சு!" என்று பயந்தவர்கள் உண்டு. கோப்பு எங்கும் போகவில்லை. ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல். வாசலுக்கு ஏற்ப வழி மாறியது.

போனில் கோப்பு எங்கே போய் ஒளிகிறது?

"டவுன்லோட் பண்ணேன், ஆனா காணோம்." இ-சேவை மையங்களில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. ஆண்ட்ராய்டு போனில் "ஃபைல்ஸ்" அல்லது "மை ஃபைல்ஸ்" என்ற ஆப்பைத் திறங்கள். பிறகு கோப்பு எந்த வழியாக வந்தது என்று யோசியுங்கள்.

பிரௌசர் வழியாக அரசு இணையதளத்திலிருந்து இறக்கியது என்றால் "டவுன்லோட்" ஃபோல்டரில் இருக்கும். போனின் கணக்குப்படி அதன் முழு இடம்: ஸ்டோரேஜ்/எமுலேட்டட்/0/டவுன்லோட். இந்த வரி எங்காவது தெரிந்தால் வைரஸ் என்று நினைக்க வேண்டாம். உங்கள் போனின் உள் நினைவகத்துக்கு அதுதான் பெயர்.

வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப் என்றால் கொஞ்சம் ஆழத்தில் இருக்கும். 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல், ஒரு செயலி மற்ற செயலிகளின் கோப்புகளை இஷ்டம்போல் பார்க்க முடியாதபடி கட்டுப்பாடு வந்தது. அதையொட்டி வாட்ஸ்அப் ஃபோல்டரும் இடம் மாறியது. இப்போதைய வழி: ஆண்ட்ராய்டு, அதற்குள் மீடியா, அதற்குள் காம்.வாட்ஸ்அப், அதற்குள் வாட்ஸ்அப், அதற்குள் மீடியா, அதற்குள் வாட்ஸ்அப் டாக்குமென்ட்ஸ். இவ்வளவு படி இறங்குவதைவிட, வாட்ஸ்அப்பிலேயே அந்தக் கோப்பைத் திறந்து "ஷேர்" அழுத்துவது சுலபம்.

ஐபோன் வைத்திருந்தால் "ஃபைல்ஸ்" ஆப்பில் "டவுன்லோட்ஸ்" பகுதியைப் பாருங்கள்.

கோப்பு கிடைத்ததும் அதற்கு ஒரு நல்ல பெயர் வையுங்கள். எண்களாகவே இருக்கும் பெயரை "குமரன் சாதிச்சான்று 2025" என்பது போல மாற்றினால் அடுத்த வருஷம் தேட வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் பதிவேற்றும்போது மட்டும் ஆங்கில எழுத்துகளும் எண்களும் கொண்ட, இடைவெளி இல்லாத சின்னப் பெயராக இருப்பது பாதுகாப்பு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சரியாக அனுப்ப மூன்று வழிகள்

முதல் வழி, கோப்பையே அனுப்புவது. வாட்ஸ்அப்பில் இணைப்புக் குறியைத் தொட்டு "டாக்குமென்ட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். "கேலரி" வழியாகப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும்; முத்திரையும் எழுத்தும் மங்கலாம். டாக்குமென்ட்டாகப் போனால் அப்படியே போய்ச் சேரும்.

இரண்டாவது வழி, டிஜிலாக்கர். 2015-இல் மத்திய அரசு தொடங்கிய இந்த மின் பெட்டகத்தில், வழங்கும் துறையே நேரடியாகச் சேர்க்கும் ஆவணங்கள் அசலுக்கு இணையாகச் சட்டப்படி ஏற்கப்படுகின்றன. நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியவற்றுக்கு அந்தத் தகுதி இல்லை. கணக்கு உங்களுடையது என்பதால் எந்த ஊரில், எந்தப் போனில் திறந்தாலும் ஆவணம் அங்கே இருக்கும். போன் கடலில் விழுந்தாலும் கவலையில்லை!

மூன்றாவது வழி, கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் ஏற்றி அதன் லிங்க்கை அனுப்புவது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. லிங்க் உண்மையான இணைய முகவரிதான், ஆனால் வாசல் பூட்டியிருக்கும். எதிர்முனையில் "அனுமதி கேளுங்கள்" என்று வரும். யாருக்கு வேண்டுமோ அவருடைய மின்னஞ்சலை மட்டும் சேர்த்து அனுமதி கொடுங்கள். "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்று திறந்துவிட்டால், அந்த லிங்க் நாலு குரூப் தாண்டிப் போனாலும் உங்கள் ஆதார் நகலை யார் வேண்டுமானாலும் பார்க்க முடியும். வேலை முடிந்ததும் அனுமதியை மூடிவிடுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். "இந்தக் கணினிக்குள் மட்டும்" என்ற விதி உங்களுக்கு எதிராகவும் வேலை செய்யும். கடைக் கணினியில் உங்கள் சான்றிதழை இறக்கினால், அதன் ஒரு நகல் அந்தக் கடையின் "டவுன்லோட்ஸ்" ஃபோல்டரிலேயே தங்கிவிடும். நீங்கள் வீட்டுக்குப் போன பிறகும் அது அங்கேதான் இருக்கும். எழுந்திருக்கும் முன், "தம்பி, டவுன்லோட்ஸ்ல இருக்கிற என் ஃபைலை அழிச்சிடுங்க, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிடுங்க" என்று கேளுங்கள். அங்கே வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் அதிலிருந்தும் வெளியேறிவிடுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். உங்கள் ஆவணம், உங்கள் உரிமை.

"மணமேல்குடி" என்றால் 90 எழுத்தா?

தமிழ் விக்கிப்பீடியாவில் மணமேல்குடி பக்கத்தைத் திறந்து அதன் முகவரியை நகலெடுத்து யாருக்காவது அனுப்பிப் பாருங்கள். பல நேரம் ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் % குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக ஒரு நீண்ட வரிசை வரும். பார்த்தால் பயமாகத்தான் இருக்கும்.

காரணம் எளிது. இணைய முகவரியில் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் தவிர மற்றவற்றை நேரடியாக எழுத பழைய விதியில் இடமில்லை. அதனால் மற்ற எழுத்துகள் % குறியோடு குறியீடாக மாற்றப்படுகின்றன. ஓர் இடைவெளி %20 ஆகிறது. ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு இப்படி 9 இடங்கள் தேவை. "மணமேல்குடி" என்ற சொல்லை மெய், உயிர்க்குறி, புள்ளி எனப் பிரித்துக் கணினி 10 குறிகளாகச் சேமிக்கிறது. ஆக, 90 இடங்கள்! முகவரி தவறல்ல, தமிழ்ப் பெயர் மாறுவேடத்தில் இருக்கிறது. விண்ணப்பத்தில் ஏற்றும் கோப்புக்கு இடைவெளி இல்லாத ஆங்கிலப் பெயர் நல்லது என்றதும் இதனால்தான். சில பழைய இணையதளங்கள் இந்த மாறுவேடத்தைச் சரியாகக் கையாளாமல் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடும்.

தளத்தின் பெயரையே தமிழில் வைக்கவும் இன்று வசதி இருக்கிறது. ".இந்தியா", ".இலங்கை", ".சிங்கப்பூர்" என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகள் உலக அளவில் ஏற்கப்பட்டவை.

அரசுத் தளமா, போலியா? வலமிருந்து படியுங்கள்

முகவரியைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவருக்கு இதுதான் பெரிய லாபம். கடித உறையில் எப்படி எழுதுவோம்? கதவு எண், தெரு, மணமேல்குடி, புதுக்கோட்டை மாவட்டம், தமிழ்நாடு. சின்னதில் தொடங்கிப் பெரியதில் முடியும். இணையதளத்தின் பெயரும் அப்படியே.

டிஎன்இசேவை.டிஎன்.ஜிஓவி.இன்

இதைக் கடைசியிலிருந்து படியுங்கள். "இன்" என்றால் இந்தியா. "ஜிஓவி" என்றால் அரசு. "டிஎன்" தமிழ்நாடு. அதற்குள் இ-சேவை. "ஜிஓவி.இன்" என்று முடியும் பெயர் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. பட்டா, சிட்டா பார்க்கும் தளமும் (இசர்வீசஸ்.டிஎன்.ஜிஓவி.இன்) ஆதார் தளமும் (மைஆதார்.யுஐடிஏஐ.ஜிஓவி.இன்) இப்படித்தான் முடிகின்றன.

மோசடிக்காரர்கள் இந்த வரிசையில்தான் விளையாடுவார்கள். உதாரணத்துக்கென்றே உலக அளவில் ஒதுக்கி வைத்திருக்கும் "எக்ஸாம்பிள்.காம்" என்ற பெயரை வைத்துக் காட்டுகிறேன்:

டிஎன்.ஜிஓவி.இன்.எக்ஸாம்பிள்.காம்/சான்றிதழ்

அரசு முகவரி தெரிகிறதே என்று தோன்றும். ஆனால் பெயர் முடிவது எங்கே? இரட்டைக் கோட்டுக்கு அப்புறம் வரும் முதல் ஒற்றைக் கோட்டில். அங்கிருந்து இடப்பக்கம் படித்தால் "காம்", "எக்ஸாம்பிள்". அவர்தான் வீட்டுக்காரர். ஒருவர் தன் வீட்டுக்கு "தலைமைச் செயலகம்" என்று பெயர்ப்பலகை மாட்டினால் அது தலைமைச் செயலகம் ஆகிவிடுமா? அதே போல, புள்ளிக்குப் பதில் சிறுகோடு போட்டு "டிஎன்-ஜிஓவி" என்று எழுதினாலும் அது அரசுப் பெயர் அல்ல. போனில் முகவரி முழுதாகத் தெரியாவிட்டால் முகவரிப் பட்டையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள், முழுதும் தெரியும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, "எச்டிடிபிஎஸ்" இருந்தாலே நம்பகமான தளம் என்று பொருளல்ல. உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே அதன் உத்தரவாதம். எதிரே இருப்பவர் திருடனாகவும் இருக்கலாம். இரண்டு, எல்லா அதிகாரப்பூர்வத் தளங்களும் "ஜிஓவி.இன்" என்று முடிவதில்லை. அரசு கலை, அறிவியல் கல்லூரிச் சேர்க்கைத் தளம் "டிஎன்ஜிஏஎஸ்ஏ.இன்", பொறியியல் சேர்க்கைத் தளம் "டிஎன்இஏஆன்லைன்.ஓஆர்ஜி". இப்படிப்பட்ட தளங்களுக்கு வாட்ஸ்அப் பார்வர்டு வழியாகப் போகாமல், அரசு அறிவிப்பில் உள்ள முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள்.

"உங்கள் வண்டிக்கு அபராதம், இந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள்" என்று "ஏபிகே" என முடியும் கோப்பு வாட்ஸ்அப்பில் வந்தால் தொடவே வேண்டாம். அது ரசீது அல்ல, உங்கள் போனில் குடியேறப் பார்க்கும் செயலி. அபராதம் உண்மையா என்பதை இசலான்.பரிவாகன்.ஜிஓவி.இன் தளத்தில் நீங்களே பார்க்கலாம். பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சைபர்கிரைம்.ஜிஓவி.இன் தளத்திலும் புகார் செய்யலாம்.

செயலி எழுதும் தம்பி, தங்கைகளுக்கு

கல்லூரியில் புரோகிராமிங் படிக்கிறீர்களா? மேலே அந்த அம்மாவுக்கு நடந்த அதே குழப்பம் உங்கள் கருவிகளுக்கும் நடக்கும். விண்டோஸில் "சி:\புராஜெக்ட்" என்ற இடத்தை, இணைய முகவரியை எதிர்பார்க்கும் கருவியிடம் கொடுத்தால், முக்காற்புள்ளிக்கு முன்னால் இருக்கும் "சி" என்பதை "எச்டிடிபிஎஸ்" மாதிரி ஒரு வழிமுறையின் பெயர் என்று அது நினைத்துக்கொள்ளும். "சி: என்ற வழிமுறை எனக்குத் தெரியாது" என்று பிழை காட்டும். நோட் ஜேஎஸ் பயன்படுத்துபவர்களில் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள்.

தீர்வு, கோடுகளை நீங்களே கையால் ஒட்டாமல் இருப்பது. பைத்தானில் "பாத்லிப்", நோட் ஜேஎஸ்ஸில் "பாத்டுஃபைல்யூஆர்எல்" போன்ற தயார் வசதிகள் இதற்காகவே இருக்கின்றன. கோடு எந்தப் பக்கம் சாய வேண்டும், இடைவெளி %20 ஆக வேண்டுமா என்பதை அவை பார்த்துக்கொள்ளும். அதோடு, ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொதுவாகக் கண்டுகொள்ளாது. லினக்ஸ் சர்வர் கண்டுகொள்ளும். உங்கள் மடிக்கணினியில் தெரிந்த படம் இணையத்தில் ஏற்றியதும் காணாமல் போனால், முதலில் பெயரின் எழுத்துகளைச் சரிபாருங்கள். உங்கள் பக்கத்தில் எங்காவது "ஃபைல்" என்று தொடங்கும் முகவரி இருந்தால், அந்தப் படம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

மீண்டும் கடை வாசலுக்கு

மணி நாலேகால். இப்போது உங்களுக்கு விஷயம் தெரியும். மகளுக்கு மறுபடி போன் போடுங்கள். "நீ அனுப்பினதுல மூணு கோடு இருக்கும்மா. அது உன் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் திறக்கும். அந்த பிடிஎஃப்பை டாக்குமென்ட்டா அனுப்பு." ஒரு நிமிஷத்தில் சான்றிதழ் உங்கள் போனுக்கு வந்துவிடும். சேர்க்கைத் தளத்தின் பெயரைக் கடைசியிலிருந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். ஏற்றுங்கள். ஒப்புகைச் சீட்டை இறக்கிக்கொள்ளுங்கள். கடைக் கணினியில் உள்ள நகலை அழிக்கச் சொல்லுங்கள்.

அஞ்சு மணிக்குள் வேலை முடிந்துவிடும். அறந்தாங்கிக்கு பஸ் ஏற வேண்டியதும் இல்லை, பையனின் ஒரு வருஷம் வீணாவதும் இல்லை.

நினைவில் வைக்க:

• லிங்க்கின் முதல் சொல்லைப் பாருங்கள். "ஃபைல்", "சி:", "கன்டென்ட்" என்றால் அது வெளியே செல்லாத முகவரி.
• சான்றிதழை டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்; படமாக வேண்டாம்.
• தளத்தின் பெயரை முதல் ஒற்றைக் கோட்டிலிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள்.
• பொதுக் கணினியில் இறக்கியதை அழித்துவிட்டு எழுந்திருங்கள்.
• பணம் இழந்தால் தாமதிக்காமல் 1930.